ஒரு சொட்டும் ஒழுகாத ஸ்கிட் பிளேட்: கடலூர், சிதம்பரம், கிள்ளை

மலையைப் பார்க்க, கடலைப் பார்க்க, மனசு சரியில்லை என்று பல பேர் பயணம் போகிறார்கள். நான் போனது வயிற்றெரிச்சலில். இந்த ஜனவரி கடைசியில், கடலூர் பழைய டவுனிலிருந்து சிதம்பரம், கிள்ளை என்று ஒரே வாரத்தில் மூன்று முறை. பைக்குக்கு ஸ்கிட் பிளேட் மாட்டப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். மச்சான் இருக்கிறவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

எனக்கு வயசு அறுபத்தேழு. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. இருபத்திரண்டு வருஷம் சவுதியில் டிரெய்லர் ஓட்டினேன். இதில் எழுத்துப்பிழை இருந்தால் என் வாத்தியாரைத் திட்டுங்கள், நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். போன வருஷம் ஆசைப்பட்டு உயரமான அட்வென்ச்சர் பைக் ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறம். என் தங்கை மும்தாஜின் வீட்டுக்காரர் நிஜாம் மச்சான் சிதம்பரத்தில் இருக்கிறார், என்னைவிட நாலு வயசு சின்னவர். நான் வாங்கிய நாற்பதாவது நாள் அவரும் வாங்கினார். அதே கம்பெனி, அதே மாடல், அதே சாம்பல். கேட்டால் கடையில் வேறு கலர் இல்லையாம். சிவப்பு இருந்தது. நான் போன் போட்டு விசாரித்துவிட்டேன்.

சரி, போகட்டும் என்று விட்டேன். டிசம்பரில் தங்கை வீட்டுக்குப் போனால் தெருவில் நாலு பேர் அவர் பைக்குக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கிட் பிளேட்! தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இன்ஜினுக்கு அடியில் மாட்டுகிற கெட்டித் தகடு அது. கல்லும் கட்டையும் அடித்தால் இன்ஜின் வாங்க வேண்டிய அடியை அது வாங்கிக்கொள்ளும். என் பைக்கும் பக்கத்திலேயேதான் நின்றது. அதற்குக் கீழே ஒரு பூனைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு ஐந்து பேர் கொல்லிமலை போவதாக ஏற்பாடு. யோசனை சொன்னது நான். வாட்ஸ்ஆப் குரூப்புக்கு அட்மின் மச்சான். அன்றைக்குச் சோறு போட்ட பிறகு ஆரம்பித்தார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. மலையில மண்ணு ரோடு ஜாஸ்தி. அடியில தகடு இல்லாம இன்ஜின் ஒடைஞ்சிச்சின்னா அங்கேருந்து யாரு தள்ளிக்கிட்டு வர்றது? தகடு மாட்டிக்கிட்டு, கிள்ளை கரையில ஒரு ரவுண்டு எனக்கு ஓட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா வாங்க. இல்லன்னா அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"இருவத்திரெண்டு வருசம் டிரெய்லர் ஓட்டுனவன் நானு. எனக்கே நீ டெஸ்ட்டு வக்கிறியா?"

"டிரெய்லருக்கு பதினெட்டு சக்கரம் மச்சான். அது சும்மாவே நிக்கும்."

உள்ளே மும்தாஜ் சிரித்தாள். என் கூடப் பிறந்தவள்!

ஆக, தகடு மாட்ட வேண்டும், கிள்ளையில் ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் அவர்கள் நாலு பேரும் மலையில் நின்று போட்டோ அனுப்புவார்கள். நான் கடலூரில் உட்கார்ந்து அதற்குக் கட்டைவிரல் தூக்க வேண்டும்.

முதல் பயணம் சனிக்கிழமை. பழைய டவுனிலிருந்து காலை 7.10க்குக் கிளம்பி சிதம்பரம் சேரும்போது 8.15. என் மீட்டரில் 41 கிலோமீட்டர். இட்லி, கொத்சு, காபி 75 ரூபாய். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பைக் சாமான் கடை வைத்திருக்கிறார் தனம் என்கிற அம்மா. கடையும் அவரே, மெக்கானிக்கும் அவரே. கையில் கிரீஸ், காதில் போன். என் பைக்கைப் பார்த்ததும் ஒரு தகட்டை எடுத்துப் போட்டார். அலுமினியம், நாலு மில்லி கனம், எடை மூன்று கிலோ நானூறு. இந்த மாடலுக்கென்றே செய்தது. விலை 7,900, மாட்டக் கூலி 300. கையில் வாங்கிப் பார்த்தேன். பூராவும் ஓட்டை.

"என்னாம்மா இது, கொசு வலையா?"

"தண்ணி எறங்கணும், சேறு எறங்கணும், காத்து போவணும் பாய். இந்தப் பெரிய ஓட்டை ஆயில் போல்ட்டுக்கு நேரா வரும். ஆயில் மாத்த தகட்ட கழட்ட வேணாம். போல்ட்டு ஒழுகுனாலும் தரையில சொட்டும், காலையில பாத்தவொடனே தெரிஞ்சிக்கலாம்."

"முழு தகட்டுக்குக் காசு வாங்கிக்கிட்டு பாதிய ஓட்டையா குடுக்கிறியே."

"ஓட்டைக்குத் தனி சார்ஜ் போடல. சந்தோசப்படுங்க."

பேசத் தெரிந்த அம்மா. எனக்குப் பிடித்துப்போனது, வாங்கியும் இருப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நிஜாம் என்று ஒருவர் எதை வாங்கினார் என்று கேட்டேன்.

"அவரா? இதேதான். நானேதான் மாட்டுனேன்."

தகட்டைக் கீழே வைத்துவிட்டேன். இதை மாட்டிக்கொண்டு போய் நின்றால் மச்சான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "என்னைப் பாத்து வாங்கிட்டாரு" என்பார். நாற்பது நாள் கழித்து என்னைப் பார்த்து பைக் வாங்கினவர்! அவரிடம் இருப்பது அலுமினியம் என்றால் என்னிடம் எஃகு இருக்க வேண்டும். அவருடையதில் ஓட்டை என்றால் என்னுடையதில் ஊசி முனை அளவுகூட இருக்கக் கூடாது.

திரும்பி வரும் வழியில் குடிகாடு. எங்கள் டவுனுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால். ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கிற பேட்டை, கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மூக்கு சொல்லிவிடும். அங்கே முருகேசன் என்று ஒரு வெல்டர், எனக்குப் பழக்கம். இருபது வருஷமாக அவன் செய்வது ஒன்றே ஒன்றுதான்: தொழிற்சாலைகளில் பைப்புக்கும் பம்புக்கும் அடியில் வைக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு. மேலே ஆசிட் கசிந்தால் கீழே தரைக்குப் போகாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நான் விஷயத்தைச் சொன்னதும் பைக்குக்கு அடியில் படுத்து டேப் வைத்து அளந்தான்.

"மூணு மில்லி ஸ்டெயின்லெஸ் போடுறேன் பாய். சுத்தி ரெண்டு இஞ்சு வெளிம்பு தூக்கிடறேன். அடியில ஓட்டை கீட்டை போடணுமா?"

"ஒன் தட்டுல ஓட்டை போட்டா ஒன் பேரு என்னாவறது?"

அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு முருகேசன் பொறுப்பில்லை. அவன் கேட்டான், வேண்டாம் என்றவன் நான்.

வெட்டி, மடித்து, ஓரமெல்லாம் வெல்டு வைத்து முடிக்க நாலு மணி நேரம். அந்த நேரத்தில் நான் சும்மா இருக்கக் கூடாதென்று பைக்குக்கு ஆயில் மாற்றினேன். போல்ட்டுக்குப் புது வாஷர் பதினைந்து ரூபாய்தான். கடைக்கு நடக்க வேண்டுமே என்று பழையதையே போட்டேன். இந்த வரியை மறந்துவிடாதீர்கள்.

பாலிஷ் முடிந்ததும் முருகேசன் அவனுடைய வழக்கப்படி தட்டில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தான். இருவரும் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "மாஷா அல்லாஹ்" என்றேன். அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பைக் தகட்டுக்கு அந்தச் சோதனை எதற்கு என்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மாட்டுவதில் ஒரு நல்ல காரியம் செய்தான், அதைச் சொல்லியாக வேண்டும். சேசிஸ் பைப்பில் துளை போடவே விடமாட்டேன் என்றுவிட்டான். நாலு இடத்தில் பைப்பைச் சுற்றி யூ கிளாம்பு, நடுவில் ரப்பர், நைலான் வைத்த நட்டு. இன்ஜின் போல்ட்டு எதிலும் தகட்டை மாட்டவில்லை. எடை ஒன்பது கிலோ இருநூறு. ஆக மொத்தம் 4,300 ரூபாய். மச்சானுடையதைவிட விலை பாதி, எடை மூன்று மடங்கு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்து தரையைப் பார்த்தேன். பைக்குக்குக் கீழே சுத்தம். ஒரு சொட்டு ஆயில் கறை இல்லை. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணைத் திறக்காமலே நல்லா இருக்கு என்றாள். இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் அளவு பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. தரைதான் சுத்தமாக இருக்கிறதே, அதை எதற்குப் பார்ப்பது என்று 5.50க்குக் கிளம்பிவிட்டேன்.

சிதம்பரம் பைபாஸ் டீக்கடையில் 7 மணிக்கு மச்சான் நின்றார். வெயில் படுகிற பக்கமாகப் பார்த்து பைக்கை நிறுத்தினேன். தட்டு கண்ணைக் கூசியது. மச்சான் ஒரு தடவை குனிந்தார். டீ வாங்கிக்கொண்டு வந்து இன்னொரு தடவை குனிந்தார். அந்த இரண்டாவது குனிதல் இருக்கிறதே, சவுதியில் முதல் சம்பளம் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"கல்யாண வீட்டு அண்டா கணக்கா இருக்கே மச்சான். எவ்ளோ வெயிட்டு?"

"ஒம்போது கிலோ. ஒன்னுது?"

"மூணே கால், மூணரை இருக்கும்."

"பாவம்" என்றேன்.

அங்கிருந்து கிள்ளை 13 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம். ஊரைத் தாண்டி இறால் குட்டைகளுக்கு நடுவே ஒரு மண் கரை போகிறது. அகலம் ஒரு டிராக்டர் போகிற அளவு. அந்தக் கோடி வரை அஞ்சு கிலோமீட்டர். பாதியில் கரை உடைந்து ஒரு பள்ளம். கடல் ஏற்றத்தில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர் ஓடும், இறக்கத்தில் சேறு மட்டும். நாங்கள் போனது ஏற்றத்தில். போகிறவர்கள் குட்டைக்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அது அவர்கள் பிழைக்கிற இடம்.

"நீங்க முன்னாடி போங்க, நான் பாத்துக்கிட்டே வர்றேன்" என்றார் மச்சான், ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்வது போல.

பள்ளத்தில் இறங்கினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியடித்தது. ஏறி அந்தப் பக்கம் வந்தபோது, ஓட்டினேன் பார்த்தாயா என்று திரும்பிக் கத்தலாம் என்றிருந்தேன். பைக் கேட்கவில்லை. முன்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போலக் கனம். இடப்பக்கம் திருப்பினால் ஒரு நொடி கழித்துத் திரும்புகிறது. இன்னும் முந்நூறு அடி போயிருப்பேன். காலுக்கு நடுவிலிருந்து வெள்ளையாகப் புகை, அதில் தீய்ந்த எண்ணெய் வாசனை.

"மச்சான்! ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க!"

இறங்கிப் பார்த்தால் முருகேசனின் தட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. பள்ளத்துத் தண்ணீர், சேறு, பாசி எல்லாவற்றையும் விளிம்பு வரை வாரிக்கொண்டு வந்திருந்தது. ஒரு சொட்டைக் கீழே விடவில்லை. சூடான சைலன்சர் பைப்பில் அது பட்டுக் கொதிக்கிறது. குட்டையில் வலை அலசிக்கொண்டிருந்த ஏகாம்பரம் என்பவர் கரையேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, உள்ள எறா துள்ளுது."

பொய்யில்லை. மூன்று இறால். ஒன்று பாதி வெந்திருந்தது.

மச்சான் சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டு என் முன்னால் நீட்டினார். கருப்பாக, வழவழவென்று இருந்தது. சேற்றுக்கு மேலே கால் லிட்டர் இன்ஜின் ஆயில் மிதக்கிறது. நேற்று நான் போட்ட பழைய வாஷர் ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கிறது. என் வீட்டுத் தரை ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தீங்கன்னா தீ புடிச்சிருக்கும் மச்சான். ஆயில் கண்ணாடிய பாக்கலியா காலையில?"

நான் வானத்தைப் பார்த்தேன். நல்ல நீலம்.

அவரே படுத்து நாலு கிளாம்பையும் கழற்றினார். அவருடைய டூல் பையில் எல்லாம் இருந்தது: ஸ்பேனர், துணி, டார்ச், அரை லிட்டர் ஆயில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார். அந்த நிலைமையிலும் எனக்கு அந்தப் பையைப் பார்த்து வயிறு எரிந்தது என்றால் நம்புங்கள். போல்ட்டை இறுக்கினார், ஒழுகுவது நின்றது. ஆயில் ஊற்றி, கண்ணாடியில் அளவு பார்த்து, இன்ஜின் சைலன்சர் எல்லாம் ஆறுகிற வரை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மச்சான் வாய்விட்டுச் சிரித்திருந்தால் நானும் நாலு திட்டு திட்டி ஆறியிருப்பேன். அவர் நல்லவராக இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"சரி, மலைக்கு நான் வரல. நீங்களே போயிட்டு வாங்க" என்றேன்.

"அதை நான் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது. இப்போ தகடு இல்லாம திரும்பி ஓட்டுங்க. பாக்கலாம்."

"தகடு இல்லன்னா அடிபட்டுடும்னு சொன்னது நீதானே?"

"ஆமா. அடிபடாம ஓட்டுங்க."

தட்டை மச்சான் தன் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டார். நான் எழுந்து நின்றபடி, முதல் கியரில், எட்டடி தூரத்துக்கு ரோட்டைப் படித்துக்கொண்டே ஓட்டினேன். சவுதியில் பாலைவன மண்ணில் பாரம் ஏற்றிக்கொண்டு போகும்போது அப்படித்தான் ஓட்டுவேன். சக்கரம் எங்கே போகப்போகிறது என்று கண் முதலில் போய்விட்டு வர வேண்டும். இன்ஜின் அடியில் வெறுமையாகத் தொங்குகிறது என்பது காலிலேயே தெரிந்தது. பள்ளத்தில் வேகமாக இறங்கவில்லை. பைக்கை நிறுத்தி, இறங்கி, நடந்து ஆழம் பார்த்து, ஓரமாகக் கெட்டி மண் இருக்கிற பக்கம் ஏற்றினேன். தாண்டியதும் படகு கட்டுகிற பழைய முளை ஒன்று மண்ணில் பாதி புதைந்து நீட்டிக்கொண்டிருந்தது. வரும்போது அதை நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்து, ஒதுங்கிப் போனேன். பின்னால் "டங்"கென்று ஒரு சத்தம். மச்சான் அதன்மேலேயே ஏறி இறங்கியிருந்தார். அவர் தகட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு. இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. அலுமினியத் தகடு நல்ல தகடுதான், வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

தார் ரோட்டில் ஏறியதும் மச்சான் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"தகடு இல்லாதப்பதான் ஒழுங்கா ஓட்டுறீங்க. வாங்க மலைக்கு. ஆனா தனம்மா கடையில ஓட்டை வச்ச தகட்ட வாங்கி மாட்டிக்கிட்டு வாங்க. எனக்குப் பின்னாடி ரெண்டாவதா வரணும்."

"ஏன், நான் முன்னாடி போனா ஒன் கிரீடம் எறங்கிடுமா?"

"நீங்க முன்னாடி போயி ஆயில் ஒழுகுனா, பின்னாடி வர்ற நாலு பேரும் வழுக்கி விழணும்."

ஏகாம்பரம் எங்கள் பின்னாலேயே சைக்கிளில் வந்திருந்தார். தட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். மீன் கழுவ வேண்டுமாம். கொடுத்துவிட்டேன். ஒழுகாது என்று உறுதி சொன்னேன்.

மூன்றாவது பயணம் போன வியாழக்கிழமை, மறுபடி தனம்மா கடை. அதே 7,900, அதே 300. மாட்ட நாற்பது நிமிஷம். வாங்கப்போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கனத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நம் ஊர் ரோட்டுக்கும் சின்ன மலைப்பாதைக்கும் நாலு மில்லி அலுமினியம் போதும். தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். ஓட்டை இல்லாத தகடு ஓசியில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஆயில் மாற்றினால் வாஷரையும் மாற்றுங்கள். மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள். காலையில் தரையையும் பாருங்கள், கண்ணாடியையும் பாருங்கள். முக்கியமாக, தகட்டை நம்பி ஓட்டாதீர்கள். இது மச்சான் சொன்ன மாதிரி இருக்கிறது, ஆனால் நான்தான் முதலில் நினைத்தேன்.

மாட்டி முடித்ததும் அந்த அம்மாவிடம் டிரில்லிங் மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதுக்கு பாய்?"

"ஓரமா இன்னொரு ஓட்டை போடும்மா."

"பதினாறு இருக்கே, போதாதா? ஒங்க மச்சானுதுலயும் அதேதானே."

"அதான் கேக்கிறேன்."

அவர் என்னையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிளக்கைச் சொருகினார். நாளைக் காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். மச்சான் முன்னால், நான் இரண்டாவது. முதல் டீக்கு நிறுத்தும்போது அவர் எப்படியும் குனிந்து பார்ப்பார். எண்ணி முடிக்கிற வரை நான் அவசரப்படுத்த மாட்டேன்.